மலேசியாவில் முதுகலை: மாணவர் பாஸின் தேதியை வைத்துக் கணக்குப் போடுங்கள்

மலேசியாவுக்கு முதுகலை படிக்க வரலாமா என்று தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் விசாரிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விகள் கேட்கிறார்கள். கட்டணம் எவ்வளவு? பகுதிநேர வேலை கிடைக்குமா? முதல் கேள்விக்குப் பல்கலைக்கழக இணையதளமே பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்குப் பதில் கிட்டத்தட்ட ‘இல்லை’தான், காரணம் பின்னால் வருகிறது. யாரும் கேட்காமல் விடும் ஒரு விஷயம்தான் இங்கே வந்த பிறகு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: மாணவர் பாஸும் (படிக்கத் தங்குவதற்கான அரசு அனுமதி) அதில் இருக்கும் முடிவுத் தேதியும். வீட்டு ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, ஊருக்குப் போய்வருவது, ஆய்வேட்டை எப்போது சமர்ப்பிப்பது என எல்லாமே அந்தத் தேதியைச் சுற்றித்தான் ஓடும்.

எந்த முறை, எந்த வளாகம்

பல்கலைக்கழகத்தைப் பார்ப்பதற்கு முன் படிப்பின் முறையை முடிவு செய்யுங்கள். இங்கே முதுகலை மூன்று வகை: பாடவழி, ஆய்வுவழி, இரண்டும் கலந்தது. விண்ணப்பப் பக்கங்களில் கெர்ஜா குர்சுஸ், பென்யெலிடிகான், சம்புரான் என்று மலாயில் போட்டிருப்பார்கள். பாடவழிப் படிப்பு வழக்கமாக 40 கிரெடிட். வகுப்பு, ஒப்படைப்பு, தேர்வு, கடைசியில் சிறிய ஆய்வறிக்கை ஒன்று. முழுநேரமாகப் படித்தால் ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கரையேறிவிடலாம். ஆய்வுவழியில் ஆய்வு நெறிமுறை குறித்து ஒன்றிரண்டு வகுப்புகளோடு சரி. மற்றதெல்லாம் மேற்பார்வையாளர், ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு. பருவக் கட்டணம் குறைவாகத் தெரியும். ஆனால் முடிக்கும் நாள் பாதிதான் உங்கள் கையில் இருக்கிறது. இழுத்த ஒவ்வொரு பருவத்துக்கும் கட்டணமும் வாடகையும் பாஸ் புதுப்பிப்பும் ஏறிக்கொண்டே போகும்.

வேலைக்காகப் படிப்பவர் பாடவழியை எடுப்பதே நல்லது. முனைவர் பட்டம் வரை போகும் எண்ணம் இருப்பவருக்கு ஆய்வுவழி அல்லது கலப்பு முறை. ‘கட்டணம் குறைவு’ என்ற ஒரே காரணத்துக்காக ஆய்வுவழியில் சேர்வது பெரும்பாலும் நட்டத்தில்தான் முடிகிறது.

அடுத்து அங்கீகாரம். மலேசியத் தகுதி முகமை, அதாவது எம்கியூஏ, ஒரு பதிவேட்டை இணையத்தில் வைத்திருக்கிறது. கல்லூரியின் பெயரை மட்டும் தேடிப் பயனில்லை. நீங்கள் சேரப்போகும் படிப்பின் முழுப் பெயர் அதே எழுத்தில் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தனியார் கல்லூரிகள் சிலவற்றில் பட்டம் பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ உள்ள பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். அந்த ஏற்பாடு எந்த வகை என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டுப் பட்டங்களை ஏற்பது பற்றி இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025-இல் புதிய விதிமுறை வெளியிட்டது. ஒரு பல்கலைக்கழகம் தன் படிப்பை வேறு கல்லூரி நடத்த விடும் ஃபிரான்சைஸ் ஏற்பாட்டில் பெற்ற பட்டத்துக்கு அதில் இடமில்லை. ஊருக்குத் திரும்பி ஆசிரியர் வேலையோ அரசுத் தேர்வோ நினைப்பவர்கள் இதைச் சேரும் முன்பே பார்த்தாக வேண்டும்.

வளாகம் எங்கே இருக்கிறது என்பதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். பினாங்கில் 1969-இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது யூஎஸ்எம், என்றால் எல்லார் மனத்திலும் வருவது தீவில் கெலுகோர் பக்கமுள்ள மிண்டன் வளாகம். அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் பெருநிலத்தில், நிபோங் தெபாலில். மருத்துவ வளாகமோ கிளந்தான் மாநிலத்தின் குபாங் கெரியானில், தீபகற்பத்தின் மறுகரையில். பொறியியலுக்கு இடம் கிடைத்தவர் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனில் அறை பிடித்துவிட்டால் தினமும் பாலம் கடக்க வேண்டியதுதான். கோலாலம்பூரிலும் இதே கதை. மலாயாப் பல்கலைக்கழகம் நகரத்துக்குள்ளேயே லெம்பா பந்தாயில் இருக்கிறது. புத்ரா பல்கலைக்கழகமான யூபிஎம் செர்டாங்கில், தேசியப் பல்கலைக்கழகமான யூகேஎம் பாங்கியில், பிரிட்டனின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் செமினியில், மூன்றும் சிலாங்கூரில். தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யூடிஎம்மின் தலைமை வளாகம் ஜொகூரில் இருந்தாலும் கோலாலம்பூரிலும் ஒரு வளாகம் உண்டு. பல்கலைக்கழகம் இடம் தந்து அனுப்பும் நுழைவுக் கடிதத்தில் எந்த வளாகம் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு அறை தேடுங்கள்.

தமிழியல் ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தனிநாயகம் அடிகள் தலைமை வகித்த துறை அது. 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியதும் கோலாலம்பூரில்தான். ஆனாலும் துறையின் பெயருக்காக வராதீர்கள். உங்கள் தலைப்பை எடுத்து நடத்த இன்று அங்கே ஒருவர் இருக்கிறாரா, அவர் ஓய்வு பெற எத்தனை ஆண்டு பாக்கி என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.

தகுதியைப் பொறுத்தவரை, 4.00-க்கு 2.50 சிஜிபிஏ (எல்லாப் பருவத்துக்குமான சராசரிப் புள்ளி) என்பது பொதுவான அடிப்படை. பெயர்பெற்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் பல துறைகள் 3.00 கேட்கும். நம் ஊர் பத்துப் புள்ளி முறையை நீங்களாக நான்குக்கு மாற்றி எழுத வேண்டாம். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கம் உள்ள விளக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்து அனுப்பினால் அவர்களே மாற்றிக்கொள்வார்கள். ஆங்கிலத் தேர்வுக்குப் பதிலாக ‘ஆங்கிலவழியில் படித்தார்’ என்ற கடிதம் சில இடங்களில் செல்லும், சில இடங்களில் செல்லாது. செல்லாத இடத்தில் முதலில் மொழி வகுப்பில் சேர்க்கப்படுவீர்கள். அதற்கான செலவும் காலமும் தனி.

பெயர் பொருந்தாத சிக்கல்

தமிழர்களின் விண்ணப்பம் அதிகம் சிக்குவது பெயரில். பிளஸ் டூ சான்றிதழில் ‘செந்தில்குமார் கே’, பட்டச் சான்றிதழில் ‘கே. செந்தில்குமார்’, கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) ‘செந்தில்குமார் கந்தசாமி’. நமக்கு மூன்றும் ஒருவர்தான். விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவருக்கு மூன்று பேர். இலங்கைத் தமிழர்களுக்கு வேறு தொல்லை: பிறப்புச் சான்றில் விரிவான பெயர், பரீட்சைச் சான்றிதழில் முதலெழுத்துகள்.

வழி எளிது, முன்கூட்டியே செய்தால். எல்லாப் படிவத்திலும் கடப்பிதழில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் எழுதுங்கள். இந்தியக் கடப்பிதழில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு என்ன போட வேண்டும் என்று பல்கலைக்கழகத்தின் அனைத்துலக மாணவர் அலுவலகத்தை மின்னஞ்சலில் கேளுங்கள். அவர்கள் சொன்னதையே விமானச் சீட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ்களில் வேறு மாதிரி இருந்தால், எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் ஊரிலேயே வாங்கிவிடுங்கள். இங்கே வந்த பின் அதை வாங்குவது நாள்கணக்கில் அலைச்சல். நுழைவுக் கடிதம் வந்ததும் முதல் வேலையாகப் பெயரையும் கடப்பிதழ் எண்ணையும் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். அதில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் அதன்மேல் எழும் எல்லா ஆவணங்களிலும் அதே பிழை தொடரும், பட்டச் சான்றிதழ் வரை.

இன்னொன்று. மலேசியத் தமிழர்களின் பெயரில் ஏ/எல், ஏ/பி என்று வரும். இன்னாரின் மகன், மகள் என்று குறிப்பது. பழக்க தோஷத்தில் வாடகை ஒப்பந்தத்திலோ மருத்துவமனைப் பதிவிலோ உங்கள் பெயருக்கு நடுவிலும் யாராவது அதைச் செருகிவிடலாம். கடப்பிதழில் இல்லாததை எடுக்கச் சொல்லுங்கள்.

அனுமதிக் கடிதம் முதல் வந்திறங்கும் வரை

மாணவர் பாஸ் விண்ணப்பம் இஎம்ஜிஎஸ் என்ற அமைப்பு வழியாகக் குடிநுழைவுத் (இமிகிரேஷன்) துறைக்குப் போகிறது. தீபகற்ப மலேசியாவில் வெளிநாட்டு மாணவர் எல்லாரும் இந்தக் கதவு வழியாகத்தான் வந்தாக வேண்டும். கேட்கும் ஆவணங்கள்: நுழைவுக் கடிதம், கடப்பிதழின் பக்கங்கள், சான்றிதழ்களும் மதிப்பெண் பட்டியல்களும், வெள்ளைப் பின்னணியில் 35-க்கு 45 மில்லிமீட்டர் படம், உடல்நல அறிவிப்புப் படிவம், கட்டணம். மருத்துவக் காப்பீடும் இதோடு சேர்ந்தே வரும். எல்லாம் சரியாக இருந்தால் மின்வடிவில் ஓர் அனுமதிக் கடிதம் வரும். இவால் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான்.

விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை இணையதளம் சதவீதமாகக் காட்டும். ஒரே எண்ணில் வாரக்கணக்கில் நின்றால் பெரும்பாலும் காரணம் சின்னது. கடப்பிதழின் வெற்றுப் பக்கங்களை ஸ்கேன் செய்யாமல் விட்டிருப்பார்கள். கைப்பேசியில் எடுத்த படத்தில் பின்னணி சாம்பலாக இருக்கும். கடைசிப் பருவ மதிப்பெண் பட்டியல் வராமல் தற்காலிகச் சான்றிதழ் மட்டும் போயிருக்கும். கடப்பிதழ் காலாவதியாக ஒன்றரை ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் புதுப்பித்துவிட்டு விண்ணப்பியுங்கள். நடுவில் எண் மாறினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் வாரங்களில் அலுவலகங்கள் மெதுவாகத்தான் நகரும். அந்த நாட்களைக் கழித்துக் கணக்குப் போடுங்கள்.

விமானச் சீட்டை இவால் கைக்கு வந்த பிறகே எடுங்கள். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் 30 நாள் நுழைவு இருக்கிறது. அதை நம்பி, ‘வந்து இறங்கிவிட்டு மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஏஜெண்டுகள் சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். சுற்றுலாப் பயணியாக நுழைந்தவர் மாணவர் பாஸுக்காகத் திரும்ப வெளியே போய்வர நேரலாம். நடுவில் வகுப்பும் தவறும். உங்கள் நாட்டவருக்கு இவாலோடு தனியாக நுழைவு விசாவும் தேவையா என்பதைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு, தேவையென்றால் வாங்கிக்கொண்டே ஏறுங்கள். சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது. வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து இது கட்டாயம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் போலி.

விமான எண்ணையும் இறங்கும் நேரத்தையும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வாரம் முன்பே தெரிவியுங்கள். பல இடங்களில் அவர்களுடைய ஆள் வந்து உங்களைக் குடிநுழைவு முகப்பிலேயே பொறுப்பெடுக்க வேண்டியிருக்கும். வெள்ளி இரவு இறங்கினால் திங்கள் வரை யாரும் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். செவ்வாய், புதன் பகலில் இறங்குவதுபோல் சீட்டு எடுப்பது நல்லது.

வந்த ஏழு நாளுக்குள் மருத்துவப் பரிசோதனை, அங்கீகரித்த கிளினிக்கில் மட்டும். இரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே. ஊரில் எடுத்த அறிக்கை கையில் இருந்தாலும் இங்கே திரும்ப எடுத்தாக வேண்டும். தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் மருத்துவரின் சீட்டைக் கையோடு காட்டுங்கள். சிறுநீர்ச் சோதனையில் சந்தேகம் வந்தால் விளக்க அது உதவும்.

அதன்பின் பாஸ் வரும் வரை காத்திருப்பு. இந்த இடைவெளியில் கடப்பிதழை ஒப்படைக்கச் சொன்னால், ஒப்படைத்ததற்கான கடிதத்தைப் பல்கலைக்கழக முத்திரையோடு வாங்கி எப்போதும் பையில் வைத்திருங்கள். சாலையில் போலீஸ் நிறுத்தி ஆவணம் கேட்பது இங்கே சாதாரணம். ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றாலும் அந்த நாட்களில் நினைத்தவுடன் கிளம்ப முடியாது. தங்கை திருமணம், வீட்டில் முக்கியச் சடங்கு ஏதும் இருந்தால் முதல் இரண்டு மாதத்தைத் தவிர்த்து நாள் குறிக்கச் சொல்லுங்கள்.

முதல் மாதப் பணம்

வங்கிக் கணக்கு திறக்க மாணவர் பாஸ் வேண்டும். பாஸ் வரச் சில வாரம் ஆகும். ஆனால் அறைக்கு முன்பணம் முதல் வாரமே கொடுத்தாக வேண்டும். இந்த இடுக்கில்தான் பலர் மாட்டுகிறார்கள். ஊர் வங்கியின் வெளிநாட்டுப் பயண அட்டை ஒன்றும், கொஞ்சம் ரிங்கிட் நோட்டும் கொண்டுவருவதே வழி.

அறை வாடகையில் இங்குள்ள வழக்கம் ‘டூ பிளஸ் ஒன்’. இரண்டு மாத வாடகை பாதுகாப்பு வைப்பு, அதோடு முதல் மாத வாடகை. தண்ணீர்-மின்சார வைப்பாக அரை மாத வாடகை தனி. 700 ரிங்கிட் அறைக்கு 1,400, 700, 350 என்று மொத்தம் 2,450 ரிங்கிட் சாவி வாங்கும் அன்றே போய்விடும். இந்திய ரூபாயில் ஏறக்குறைய அரை லட்சம். பல்கலைக்கழக விடுதி கிடைத்தால் முதல் பருவத்துக்காவது அங்கேயே இருங்கள். முதுகலை மாணவருக்கு இடம் குறைவு என்பதால் நுழைவுக் கடிதம் வந்த வாரமே விண்ணப்பிக்க வேண்டும்.

வெளியே என்றால், மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் பந்தாய் டாலாம், கெரிஞ்சி பக்கம். எல்ஆர்டி ரயிலில் வந்து ‘யுனிவர்சிட்டி’ நிலையத்தில் இறங்கலாம். யூஎஸ்எம்முக்குச் சுங்கை துவா. வாயிலுக்கு நடந்தே போய்விடலாம். அறையைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரிங்கிட்டும் அனுப்பாதீர்கள். ‘முன்பதிவுக்கு மட்டும்’ என்று கேட்டு மறைந்துபோகும் போலி விளம்பரங்கள் ஒவ்வொரு சேர்க்கைக் காலத்திலும் வருகின்றன. உங்களோடு ஒப்பந்தம் போடுபவர் வீட்டுக்காரரா, அவரிடம் வாடகைக்கு எடுத்து உள்வாடகை விடுபவரா என்று கேளுங்கள். உள்வாடகைக்காரர் வீட்டுக்காரருக்குப் பணம் கட்டாமல் விட்டால் வெளியேற வேண்டியவர் நீங்கள்தான். ஏர்கண்டிஷனருக்குத் தனி மீட்டர் இருந்தால் குடிவரும் நாளில் அதன் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; சுவர், மெத்தை, குழாய் எல்லாவற்றையும்தான். வைப்புத் தொகை திரும்பும் நாளில் வரும் சண்டைக்கு அந்தப் படங்களே சாட்சி.

சில விளம்பரங்களில் எந்த இனத்தவருக்கு அறை என்று வெளிப்படையாகவே போட்டிருப்பார்கள். கோபம் வரும், நியாயம்தான். வாதாடி அந்த அறையை வாங்கினாலும் அங்கே நிம்மதியாக இருக்க முடியாது. துறையில் ஏற்கெனவே படிக்கும் தமிழ் மாணவர்களைக் கேட்டு, ஒருவர் காலி செய்யும் அறையை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் இங்கே நடைமுறையில் பலிக்கும் வழி.

கோலாலம்பூரில் 50 ரிங்கிட் மாதப் பயண அட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அது மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். நீங்கள் டச் அண்ட் கோ அட்டையில் ஒவ்வொரு பயணத்துக்கும் கட்டுவீர்கள். பினாங்கில் ரயில் போக்குவரத்து தீவுக்குள் இல்லை, பேருந்துதான். மாலை நெரிசலில் நேரம் சொல்ல முடியாது. அதனால் வாடகை கொஞ்சம் கூடினாலும் நடந்து போகும் தூரத்தில் அறை எடுப்பதே பினாங்கில் மிச்சம்.

சாப்பாட்டில் தமிழர்களுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலும் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலும் மளிகை முதல் மல்லிகைப் பூ வரை கிடைக்கும். சுத்த சைவக்காரர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கலவைச் சோற்றுக் கடைகளில் காய்கறி வதக்கலிலும் சம்பலிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கலாம். ‘இறைச்சி இல்லை’ என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான், ஆனால் போதாது.

மேற்பார்வையாளரும் ஆய்வேடும்

ஆய்வுவழியில் வருகிறவர் விண்ணப்பத்துக்கு முன்பே மேற்பார்வையாளரின் சம்மதத்தைப் பெற்றிருப்பது நல்லது. மின்னஞ்சல் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்: தலைப்பு, அவருடைய எந்தக் கட்டுரையோடு அது ஒட்டுகிறது, உங்களுக்குத் தெரிந்த முறைகள், யார் பணம் கட்டுகிறார்கள். ஒரே கடிதத்தைத் துறையிலுள்ள பத்துப் பேருக்கும் அனுப்பினால் மதிய உணவு மேசையில் தெரிந்துவிடும். மலாய்க்காரரின் பெயரில் முதலில் வருவது அவர் பெயர், அடுத்தது தந்தை பெயர். அமினா பிந்தி அப்துல்லா என்றால் ‘டாக்டர் அமினா’ என்று விளியுங்கள். நம் தலைப்பெழுத்து முறை தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். டத்தோ, தான் ஸ்ரீ போன்ற விருதுப் பெயர் இருந்தால் விட்டுவிடக் கூடாது.

மேற்பார்வையாளரின் ஆய்வு நிதியிலிருந்து ஆய்வு உதவியாளராக மாதத் தொகை கிடைப்பது உண்டு. எஃப்ஆர்ஜிஎஸ் போன்ற அரசு நிதியில் இப்படி இடம் இருக்கும். இரண்டு கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்: அந்த நிதி எந்த மாதத்தில் முடிகிறது? தலைப்பு என்னுடையதா, திட்டத்தினுடையதா? நிதி முடிய எட்டு மாதமே இருந்தால், அதன்பின் கையிலிருந்துதான் செலவு. உயர்கல்வி அமைச்சின் மலேசிய அனைத்துலக உபகாரச் சம்பளத்துக்கும் (கல்வி உதவித்தொகை) முயலலாம்; போட்டி கடுமை, வந்தால் லாபம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதர்களிடம் தரவு எடுக்கும் ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். யூஎஸ்எம்மில் அதன் பெயர் ஜெபெம். ஒப்புதலுக்கு முன் எடுத்த பேட்டி, கேள்வித்தாள் எதையும் பயன்படுத்த முடியாது. பள்ளிகளில் ஆய்வு செய்ய வேண்டுமென்றால் கல்வி அமைச்சின் அனுமதி தனி. தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி ஆய்வு செய்ய வருகிறவர்கள் இதையும், இறுதித் தேர்வு மாதங்களில் பள்ளிக்குள் விடமாட்டார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முன்மொழிவு முடிந்த மறுவாரமே நெறிமுறைப் படிவத்தைக் கொடுத்துவிட்டு, காத்திருக்கும் நாட்களில் இலக்கிய மீளாய்வை எழுதுங்கள்.

அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வெளிநாட்டு மாணவர்கள் அடிப்படை மலாய்ப் பாடம் ஒன்றில் தேறியிருக்க வேண்டும். அதை முதல் பருவத்திலேயே முடித்துவிடுங்கள். ஆய்வேடெல்லாம் தயாராகி இந்த ஒரு பாடத்துக்காகப் பட்டம் நிற்பதுண்டு. ஆய்வேட்டின் சுருக்கம் ஆங்கிலத்திலும் மலாயிலும் வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டினால் தேர்வாளர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடிப்பார். மலாய் நன்றாக எழுதும் சக மாணவரிடம் ஒரு மாதம் முன்பே கொடுத்து வையுங்கள்.

இனி அந்தத் தேதி. மாணவர் பாஸ் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் கிடைக்கும். புதுப்பிக்கும் வேலையை முடிவுத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். பாடவழி மாணவரிடம் 80 சதவீத வருகையும் 2.00-க்குக் குறையாத சிஜிபிஏவும் பார்ப்பார்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த வரம்பு அதைவிடக் கூடுதலாக இருக்கும். ஆய்வு மாணவருக்கு மேற்பார்வையாளரின் முன்னேற்ற அறிக்கை. அவர் விடுப்பில் இருந்தால் கையெழுத்துக்கு ஆள் இருக்காது. கட்டண பாக்கி இருந்தால் பல்கலைக்கழகம் கடிதமே தராது. தேதி தாண்டி ஒரு நாள் இருந்தாலும் அது சட்டமீறல். கம்பவுண்ட் எனும் அபராதம் கட்டுவதோடு முடியாமல் மறுபடி நுழைய முடியாத நிலையும் வரலாம்.

ஆய்வேட்டை எப்போது சமர்ப்பிப்பது என்பதைப் பாஸ் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சமர்ப்பிக்கப்போகிறேன் என்ற அறிவிப்பைப் பொதுவாக மூன்று மாதம் முன்பே கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் தேர்வாளர்களை நியமிக்கிறார்கள். சமர்ப்பித்த பின் அவர்கள் படிக்கவும், வாய்மொழித் தேர்வு நடக்கவும், திருத்தம் முடியவும், பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான செனட்டின் ஒப்புதல் வரவும் ஆறு மாதம் என்று வையுங்கள். அதற்கு மேல் போவதும் உண்டு. செப்டம்பரில் பாஸ் முடிகிறது, ஜூலையில் சமர்ப்பிக்கிறேன் என்றால் இன்னொரு புதுப்பிப்பு நிச்சயம். அதற்கான பணத்தைத் தனியாக எடுத்துவையுங்கள்.

பாஸ் ஒரு குறிப்பிட்ட கல்வி நிறுவனத்தோடு கட்டப்பட்டது. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டுமென்றால் விடுவிப்புக் கடிதம், பழைய பாஸ் ரத்து, புதிய விண்ணப்பம் என்று முதலிலிருந்து வர வேண்டும். அதனால்தான் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படக் கூடாது.

வேலை

வெளிநாட்டு மாணவர் பகுதிநேரமாக வேலை செய்ய அனுமதி பருவ விடுமுறையிலோ ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையிலோ மட்டும். வாரம் 20 மணி நேரத்துக்குள். இடங்களும் குறிப்பிட்டவை: உணவகம், பெட்ரோல் நிலையம், சிறு அங்காடி, ஹோட்டல். அங்கும் கேஷியராக உட்காரக் கூடாது. பல்கலைக்கழகம் வழியாகக் குடிநுழைவுத் துறையிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். இதைச் சம்பாத்தியமாக நினைத்துப் படிப்புச் செலவைத் திட்டமிடவே முடியாது. ‘நம்ம ஆள் கடைதான் தம்பி, இரவில் வந்து நில்’ என்று அன்பாகக் கூப்பிடுவார்கள். சோதனை வந்தால் கடைக்காரருக்கு அபராதம், உங்களுக்குப் பாஸே போகும்.

முடித்துக் கிளம்பும்போது

செனட் ஒப்புதல் கடிதம் வந்ததும் பாஸை முடித்துக்கொள்ளும் விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகம் அனுப்பும். விமானச் சீட்டும் கேட்பார்கள். அதற்கு முன் மூன்று வேலை முடிந்திருக்க வேண்டும். அறையைக் காலி செய்யும் அறிவிப்பு, ஒப்பந்தத்தில் எழுதியபடி, வழக்கமாக இரண்டு மாதம் முன்பு. வைப்புத் தொகை திரும்பி வந்த பிறகே வங்கிக் கணக்கை மூடுங்கள். கணக்கை மூடிவிட்டால் வீட்டுக்காரர் பணம் அனுப்ப இடமில்லாமல் போகும். மூன்றாவது, சான்றிதழ்ச் சான்றொப்பம்: உயர்கல்வி அமைச்சு, பிறகு புத்ராஜெயாவில் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா, பிறகு உங்கள் நாட்டுத் தூதரகம் என்ற வரிசையில். இந்தியத் தூதரகம் மோண்ட் கியாராவில் இருக்கிறது. பட்டமளிப்பு விழாவுக்குத் திரும்பி வரப்போவதில்லை என்றால், அசல் சான்றிதழை யார் வாங்கலாம் என்ற அதிகாரக் கடிதத்தை நண்பர் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த நண்பரின் பாஸ் எப்போது முடிகிறது என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.